எண்டிகாட்டின் கன்னத்தில் விழுந்த அறை

'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' (1967) படத்தை அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த ராத்திரியைப் பற்றி எழுதுகிறேன். அப்பா ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியில் ஸ்பார்ட்டா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு கொலை விழுகிறது. ரயிலுக்காகக் காத்திருந்த கறுப்பர் ஒருவரை, பர்ஸில் பணம் இருக்கிறது என்று பிடித்து வருகிறார்கள். அவர்தான் வர்ஜில் டிப்ஸ், பிலடெல்பியாவின் கொலை வழக்கு அதிகாரி. வாரச் சம்பளம் 162 டாலர் 39 சென்ட் என்று தெரிந்ததும் போலீஸ் தலைவர் கில்லஸ்பியின் முகம் மாறும். அந்த இடத்தில் அப்பா மெதுவாகச் சொன்னார்: "சந்தேக கேஸ்னு நாங்களும் இப்படித்தான் பஸ் ஸ்டாண்டுல தனியா நின்னவனைக் கூட்டிட்டு வந்திருக்கோம். பாதிப் பேர் மேல ஒண்ணுமே இருக்காது." அதுவரை வீட்டில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

அப்புறம் அந்தச் செடி வீட்டுக் காட்சி. பருத்தித் தோட்ட முதலாளி எண்டிகாட், ஆர்க்கிட் செடியையும் கறுப்பரையும் ஒரே வரியில் வைத்துப் பேசுகிறார்: இரண்டுக்கும் பராமரிப்பு வேண்டுமாம். டிப்ஸ் விசாரணைக் கேள்வி கேட்டதும் எண்டிகாட் அவரை அறைகிறார். கண் இமைப்பதற்குள் அறை திரும்பி விழுகிறது. லெமனேட் தட்டோடு நிற்கும் கறுப்பின வேலைக்காரரின் முகத்தைப் பாருங்கள். எனக்கு அந்தக் காட்சியே அவருடையதுதான்.

படத்துக்கு மூலமான ஜான் பாலின் நாவலில் ஊர் கரோலினாவில் இருக்கிறது. படம் அதை மிசிசிப்பிக்குக் கொண்டுபோனது. 1964இல் கறுப்பர்களின் சம உரிமைக்காகப் போராடிய மூன்று பேரைக் கொன்று புதைத்த மாநிலம் அது. அதே ஆண்டு அங்கே போன, டிப்ஸாக நடித்த சிட்னி பாய்டியரையும் பாடகர் ஹாரி பெலஃபான்டேயையும் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் ஆட்கள் காரில் துரத்தினார்கள். அதனால் பாய்டியர் தெற்கே போகத் தயங்க, பெரும்பகுதியை இல்லினாய் மாநிலத்தில் எடுத்தார்கள்.

டிப்ஸ் மகான் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கொலைகாரன் எண்டிகாட்டாகவே இருக்க வேண்டும் என்று துடிக்கிறார். நீயும் எங்களைப் போலத்தானே என்கிறார் கில்லஸ்பி. கோபத்தில் தவறுகிற உரிமையைக் கறுப்பு நாயகனுக்குக் கொடுத்தார்களே, அதற்காகவே இந்தப் படத்தை நேசிக்கிறேன்.

*

அண்ணா, நீங்கள் மேலே எழுதியதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவள். எனக்கு இந்தப் படம் வெளிச்சத்தால் மனதில் நிற்கிறது. கறுத்த முகத்தில் வெளிச்சம் பளபளத்து விடும் என்று ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் பாய்டியருக்காக விளக்கைக் குறைத்தாராம். எங்களிடமோ "பொண்ணை ரெண்டு ஷேடு ஏத்திடுங்க" என்பார்கள். படம் ஐந்து ஆஸ்கர் வாங்கியது. சிறந்த நடிகர் விருது கில்லஸ்பியாக நடித்த ராட் ஸ்டைகருக்கு. பாய்டியர் பெயர் பரிந்துரையில்கூட இல்லை. மார்ட்டின் லூதர் கிங் கொலையால் அந்த விழாவே இரண்டு நாள் தள்ளிப்போனது.

படம் பார்த்த அடுத்த முகூர்த்தத்தில் மணப்பெண்ணை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தேன். நிறத்தைத் தொடவில்லை. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்தப் பெண் அதைத்தான் கேட்டாள்.