துண்டுப் படங்களை ஒட்டும்போது வெற்று இடங்களில் தடம் புரள்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒரு திசு வெட்டு (கண்ணாடியில் வைத்த மெல்லிய திசுச் சீவல்) முழுவதையும் நுண்ணோக்கியில் 12 × 10 கட்டங்களாக, மொத்தம் 120 படங்கள் எடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 2048 × 2048 பிக்சல், 16 பிட், மூன்று சேனல் (ஒவ்வொரு சாயத்துக்கும் ஒன்று). பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லாப் 10 சதவீதம், அதாவது ஏறக்குறைய 205 பிக்சல். ஃபிஜி என்ற படப் பகுப்பாய்வு மென்பொருளில் உள்ள கிரிட் ஸ்டிட்சிங் பிளக்இன்னில்தான் ஒட்டுகிறேன். வரிசை பாம்பு மாதிரி வளைந்து போவதையும் சரியாகவே கொடுத்திருக்கிறேன் (முதல் நாள் அதைத் தப்பாகக் கொடுத்து அரை நாள் போனது வேறு கதை).

திசு இருக்கும் இடமெல்லாம் அருமையாக ஒட்டுகிறது. ஓரங்களில், வெறும் கண்ணாடி மட்டும் தெரியும் துண்டுகள்தான் தலைவலி. பொருத்திப் பார்க்க அங்கே எதுவும் இல்லாததால் ஏதோ ஒரு மூலைக்குத் தாவிவிடுகின்றன. ரிக்ரஷன் த்ரெஷோல்டை (இரண்டு துண்டுகளின் பொருத்தத்தை ஏற்கக் குறைந்தபட்சம் எவ்வளவு ஒற்றுமை வேண்டும் என்ற அளவை) 0.3-லிருந்து 0.1-க்கு இறக்கினேன், இன்னும் மோசம். 0.5-க்கு ஏற்றினால் நல்ல துண்டுகளும் கழன்றுகொள்கின்றன.

அப்புறம், ஒவ்வொரு துண்டின் ஓரமும் மங்கலாக இருப்பதால் ஒட்டிய படம் செஸ் பலகை போலத் தெரிகிறது. பேசிக் (BaSiC) என்ற பிளக்இன்னால் வெளிச்சத்தைச் சரிசெய்வதை ஒட்டுவதற்கு முன்புதான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஓவர்லாப் பகுதியைப் படிப்படியாகக் கலக்கும் லீனியர் பிளெண்டிங் கோட்டை மறைக்குமே தவிர வெளிச்ச அளவீட்டைத் திருத்தாது.

டாப்பி (செல் உட்கருவைக் காட்டும் சாயம்) சேனலில் மட்டும் இடங்களைக் கணக்கிட்டு, துண்டுகளின் இடங்கள் பதிவான அந்த டைல் கான்ஃபிகரேஷன் கோப்பையே மற்ற இரண்டுக்கும் பயன்படுத்துகிறீர்களா? வெற்றுத் துண்டுகளுக்கு நுண்ணோக்கி மேடை (ஸ்டேஜ்) பதிவு செய்த ஆயத்தொலைவுகளை அப்படியே வைத்துக்கொள்ள வழி உண்டா? இல்லை, பிக்ஸ்டிட்சர் என்ற இன்னொரு ஒட்டும் பிளக்இன்னுக்கே மாறிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.