வரிவீதமா, கீற்றுவீதமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். சி.ஆர்.டி. படவீழ்த்தி (படக்குழாய்களைக் கொண்டு படத்தைத் திரையில் வீழ்த்தும் பழைய இயந்திரம்) பற்றிய நம் கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'கிடைமட்ட அதிர்வெண்', 'செங்குத்து அதிர்வெண்' இரண்டும் ஏறக்குறைய முடிவாகிவிட்டன. ஏற்றுவதற்கு முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் சொல்லைப் படிக்கிறவர் தவறான இடத்தில் கைவைப்பார். இந்த இயந்திரத்துக்குப் புதுக் குழாய் கடையில் கிடைப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு இது ஏட்டுக் கவலை இல்லை. நண்பர் ஒருவர் வீட்டில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குழாய் வைத்த பழைய படவீழ்த்தி ஒன்று இருக்கிறது. கிடைமட்ட அதிர்வெண் 15 முதல் 65 கிலோஹெர்ட்ஸ் (ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஆயிரம் முறை) வரை என்று அதன் கையேடு சொல்கிறது. கணினியிலிருந்து 1920×1080, 60 ஹெர்ட்ஸ் அனுப்பினார். இயந்திரம் படத்தை அணைத்துவிட்டது. 'கிடைமட்டம்தானே அதிகம்' என்று அகலத்தை 1440 ஆகக் குறைத்தார். மறுபடியும் இருட்டு. அவர் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லைப் படித்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

உண்மையில் அகலத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக ஓர் ஒளிக்கோடு இழுக்கிறது, சட்டென்று திரும்புகிறது, கீழே அடுத்த கோட்டை இழுக்கிறது. ஒரு நொடியில் எத்தனை கோடு இழுக்கிறது என்பதுதான் நாம் பெயர் தேடும் அளவு. ஒரு கோட்டுக்குள் 1920 புள்ளி இருந்தாலும் 1440 இருந்தாலும் கோடு ஒன்றுதான். குறைக்கவேண்டியது உயரத்தை, அல்லது ஒரு நொடியில் எத்தனை முறை படம் வரையப்படுகிறது என்பதை.

முதலில் நான் 'வரிவீதம்' என்று எழுதி வைத்திருந்தேன். இலங்கை நண்பர் ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார்: அங்கே வரிவீதம் என்றால் அரசுக்குக் கட்டும் வரியின் வீதம். தமிழ்நாட்டில் 'வரி விகிதம்' என்றாலும் குழப்பம் ஒழியாது. சரி, வேறு சொல் பார்ப்போம் என்று தேடியபோது 'கீற்று' வந்தது. ஒளிக்கீற்று என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். ஈழத்தில் படம் வரைவதையே படம் கீறுவது என்பார்கள். கற்றை செய்வதும் அதுதானே, திரையில் கீறுவது! ஆங்கிலத்தில் இந்தக் கோட்டு அமைப்புக்கு வழங்கும் 'ராஸ்டர்' என்ற சொல்லும் மண்ணைக் கீறும் பல் வைத்த கருவிக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒளிக்கோட்டுக்கு 'சால்' (ஏர் உழும்போது மண்ணில் விழும் கோடு) என்று வைக்கலாம் என இந்தக் குழுமத்தில் ஒருவர் எழுதியதும் இதே நினைவில்தான் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்தது. ஆனால் உழவு பார்க்காத பிள்ளைகளுக்குச் 'சால்' என்பதை விளக்க ஒரு பக்கம் வேண்டும், கீற்றுக்கு வேண்டாம்.

ஆகவே ஒரு கோடு கீற்று. ஒரு நொடிக்கு எத்தனை கீற்று என்பது கீற்றுவீதம். மேலிருந்து கீழ்வரை வரைந்து முடித்து மறுபடி தொடங்குவது நொடிக்கு எத்தனை முறை என்பதற்கு, அதாவது பட்டியலில் உள்ள 'செங்குத்து அதிர்வெண்' என்பதற்கு, 'மறுவரைவு வீதம்' போதும். 'புதுப்பிப்பு' என்பதை மென்பொருளும் உலாவியும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

இப்போது கணக்கு. நண்பர் கேட்டபோது 1080-ஐ 60-ஆல் பெருக்கி 64.8 கிலோஹெர்ட்ஸ் என்றேன். 65-க்குள் அடங்குகிறதே, ஏன் அணைகிறது? திரையில் தெரியாத 45 கீற்றுகளை நான் விட்டுவிட்டேன். கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்துக்காக ஒதுக்கப்பட்டவை அவை. மொத்தம் 1125. அதை 60-ஆல் பெருக்கினால் 67.5. அவர் இயந்திரத்தின் பாதுகாப்புச் சுற்று அணைத்தது நல்லதாயிற்று. அந்தச் சுற்று இல்லாத பழைய இயந்திரங்களில் கீற்றை இழுக்கும் டிரான்சிஸ்டர் சூடேறிப் போயிருக்கும். கீழ் எல்லையும் அப்படித்தான்: 31.5-இல் தொடங்கும் இயந்திரத்துக்கு 15.625 கிலோஹெர்ட்ஸ் தொலைக்காட்சிச் சைகையைக் கொடுக்கக்கூடாது. இந்த இரண்டு எல்லைக்கும் சேர்த்து 'தாங்குவரம்பு' என்று வைக்கலாம் என்பது என் இரண்டாவது முன்மொழிவு. வரம்பின் விளிம்பைத் தொடாமல் கொஞ்சம் உள்ளே நிற்பது நல்லது.

நண்பர் பார்ப்பது பெரும்பாலும் திரைப்படம், அதாவது நொடிக்கு 24 சட்டகம் (தனிப்படம்). 1080 கீற்றை 48 ஹெர்ட்ஸில் வரைந்தால் 1125 × 48, 54 கிலோஹெர்ட்ஸ். தாங்கும், ஆனால் வெளிச்சமான காட்சிகளில் படம் சிமிட்டும். 720 கீற்றை 72 ஹெர்ட்ஸில் வரைந்தால், தெரியாத 30 கீற்றையும் சேர்த்து, 750 × 72, அதுவும் அதே 54. ஒவ்வொரு சட்டகமும் சரியாக மூன்று முறை வருகிறது, கண்ணும் வலிக்காது. அவருடையது 7 அங்குலக் குழாய். 1080 கீற்றுகளை அது பிரித்துக் காட்டாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதனால் 720-ஐயே வைத்தோம். கீற்றுவீதம் என்ற ஒரே சொல் கையில் இருந்ததால்தான் இந்த இரண்டு அமைப்பும் இயந்திரத்துக்கு ஒரே சுமை என்று அவரால் உடனே பார்க்க முடிந்தது.

இதிலிருந்து இன்னொன்று. 'பிரிதிறன்' என்ற சொல்லை 1280×720 என்ற அமைப்புக்குப் போடாதீர்கள். பிரிதிறன் குழாயின் திறமை. நாம் தேர்ந்தெடுப்பது படத்தின் அளவு. அதற்குப் 'புள்ளியளவு' என்றே எழுதலாம்.

பட்டியலில் கீற்றுவீதத்துக்கு எதிரே 'மொத்தக் கீற்றுகள் × மறுவரைவு வீதம்' என்ற விளக்கத்தைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். இடைப்பின்னல் முறையில் (ஒன்றுவிட்டு ஒன்றாகக் கீற்றுகளை இரண்டு தவணையில் வரையும் முறை) ஒரு வரைவுக்குப் பாதிக் கீற்றுதான், 562.5 × 60, வெறும் 33.75 என்பதையும் அடியில் குறிக்கவேண்டும். திரையில் தெரியாத அந்த 45-க்கு நான் இப்போதைக்கு 'மறைகீற்று' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கையேட்டின் மூன்றாம் இயல் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நிற்கிறது.

அன்புடன்.