கலைச்சொல் விவாதம்: மாநிலங்களுக்கு உறுப்பினர் எண்ணிக்கையைப் பிரிப்பதற்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்று பிரித்தளிப்பதைக் குறிக்கும் ‘அப்போர்ஷன்மென்ட்’ (apportionment) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தொகுதிப் பங்கீடு’ என்று எழுதலாம் என நம் குழுவின் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தேர்தல் வந்துவிட்டால் நம் நாளிதழ்கள் கூட்டணிக் கட்சிகளின் பேச்சுவார்த்தையைத்தான் அப்படிக் குறிக்கின்றன. ‘இட ஒதுக்கீடு’ என்பதும் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ‘தொகுதி மறுவரையறை’ என்றே விட்டுவிட்டால் போதும் என்ற கருத்தையும் ஏற்க இயலவில்லை. ஏனெனில் எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்பதும், அந்த மாநிலத்துக்குள் தொகுதியின் எல்லை எந்த ஊரோடு முடிகிறது என்பதும் வெவ்வேறு முடிவுகள்.

இந்த வேறுபாடு நம் கண்முன்னே நிகழ்ந்ததுதான். 1962இல் 41 மக்களவை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த சென்னை மாநிலம் 1967இல் 39 பேரைத்தான் தேர்ந்தெடுத்தது. 1976இல் அரசமைப்பின் 42ஆம் திருத்தம் மாநிலங்களுக்கான எண்ணிக்கையை 1971 மக்கள்தொகைக் கணக்கின்படி நிறுத்திவைத்தது; 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஆனால் இடையில் 2001 கணக்கைக் கொண்டு எல்லைகள் திருத்தப்பட்டு, 2009 தேர்தலில் திண்டிவனம் மறைந்து விழுப்புரம் தோன்றியபோதும் தமிழ்நாட்டின் 39 மாறவில்லை. ஒன்று உறைந்திருக்க மற்றொன்று நகர்ந்தது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் இந்தச் செய்தியையே தமிழில் தெளிவாக எழுத முடியாது.

புதுச்சேரியில் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்கும். நம் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் 30 பேரில் முன்பு புதுச்சேரிப் பகுதிக்கு 21, காரைக்காலுக்கு 6, மாஹேக்கு 2, ஏனாமுக்கு 1 என்று இருந்தது, 2011 தேர்தல் முதல் 23, 5, 1, 1 என்றாயிற்று. மாஹேயில் பள்ளூர் என்ற தொகுதியே இல்லாமல் போனது. மொத்தம் 30 என்பதில் மாற்றமில்லை. பகுதிகளுக்கிடையே பிரித்த விதம்தான் மாறியது.

பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் இந்தப் பிரிவினைக்கு நிலப்பரப்பே அளவுகோல் அன்று. 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர், தம் குலவழக்குச் சட்டங்களைத் துறந்த இந்தியர், துறக்காத இந்தியர். 1899இல் அது மீண்டும் இரண்டு பட்டியலானது. விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியர்களுக்கு அவர்கள் தொகைக்குச் சற்றும் பொருந்தாத இடங்கள் கிடைத்தன. 1945இல் அந்த முறை ஒழிந்து, அதன் பின்னர்ப் பொதுப்பட்டியலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியிலுள்ள கீழூரில் கூடி வாக்களித்தனர். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். பழைய பட்டியல் முறையில் அமைந்த அவை அங்கே கூடியிருந்தால் அந்த முடிவுக்கு அதே தகுதி கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

‘வீதப் பங்கீடு’ என்ற மாற்று முன்மொழிவையும் எண்ணிப் பார்த்தேன். பங்கிடுவது எப்போதும் தொகைக்கு ஏற்ற வீதத்தில் நடப்பதில்லை என்பதைப் பட்டியல் முறையே காட்டுகிறது. வீதத்தை நோக்கமாகக் கொண்ட இடத்திலும் சிக்கல் தீர்வதில்லை: அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1792இல் முதன்முதலாகத் தம் மறுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்தியதே இத்தகைய சட்டமுன்வடிவு ஒன்றின் மீதுதான். எட்டு மாநிலங்களுக்கு முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அரசமைப்பு வரம்பை மீறி உறுப்பினர்கள் தரப்பட்டிருந்தனர். மீதியாக நிற்கும் பின்னத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கணக்கு, அந்நாட்டின் அரசமைப்பு வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்த சர்ச்சையாகிவிட்டது.

ஆகவே ‘உறுப்பினர் பங்கீடு’ என்பதை முன்வைக்கிறேன். ‘தொகுதி’ என்ற சொல் இதில் வராமல் இருப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அரசமைப்பின் நான்காம் அட்டவணை மாநிலங்களவையில் புதுச்சேரிக்கு ஓர் உறுப்பினரைத் தருகிறது. அங்கே வரைவதற்கு எல்லையே கிடையாது, பங்கீடு மட்டும் உண்டு. கணக்கெடுப்புக்குப் பின் திருத்துவதை ‘உறுப்பினர் மறுபங்கீடு’ என்றும், ‘டீலிமிட்டேஷன்’ என்பதன் குறுகிய பொருளைத் ‘தொகுதி எல்லை வரையறை’ என்றும் எழுதலாம். ‘தொகுதி மறுவரையறை’ மக்கள் வழக்கில் பரவிவிட்டதால், இரண்டையும் உள்ளடக்கிய பொதுப்பெயராக அதை இருத்திக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

சட்டமொழிபெயர்ப்பில் பழக்கமுள்ளவர்கள் ‘பங்கிடு’ என்ற வினை சட்டவாசகத்தில் இடர்ப்படாமல் நிற்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி