அமெரிக்கா கிராமத்துல சர்ச் காலேஜ், மகள அனுப்பலாமா?

செம்பனை_அப்பா (ஊத்தான் மெலிந்தாங்)
வணக்கம். மக ஆறாம் படிவப் பரீட்சை எஸ்டிபிஎம் முடிச்சிட்டா, பயோலஜின்னா உயிரு. அவளே ஆன்லைன்ல தேடி அப்ளை பண்ணி அமெரிக்காவுல ஐயோவா ஸ்டேட்ல ஒரு சின்ன காலேஜ்ல ஆஃபர் வாங்கிட்டா, லூத்தரன் சர்ச் நடத்துறதாம், சுத்தி சோளக்காடு, பிள்ளைங்க ஆயிரத்துச் சொச்சம் பேருதான். வருசத்துக்கு 54,000 டாலர்னு போட்டு அதுல 32,000 ஸ்காலர்ஷிப்னு லெட்டர் வந்திருக்கு. நான் தோட்டத்து ஆபிஸ்ல கிராணி, வீட்டுக்காரம்மா தாடிக்கா (பாலர் பள்ளி) டீச்சர். எங்கம்மா "புள்ளைய மதம் மாத்திடுவானுங்க"ன்னு அழுவுறாங்க, மச்சான் "செம்பனைக் காட்டுலேர்ந்து சோளக்காட்டுக்குப் போக இவ்ளோ காசா"ங்கிறான். மக, அங்க முடிச்சா டாக்டராகலாம்ங்கிறா. அந்தப் பக்கம் படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

டெக்கோரா_அக்கா
அண்ணே, நான் அதே ஐயோவாவுல டெக்கோராங்கிற டவுன்ல லூத்தர் காலேஜ்ல படிச்சேன். 1861ல நார்வேலேர்ந்து குடியேறுனவங்க ஆரம்பிச்சது, இன்னைக்கும் லூத்தரன் சர்ச்சோட சேர்ந்ததுதான். சாப்பல் இருக்கு, சர்வீஸ் நடக்கும், போகலன்னா யாரும் ஏன்னு கேக்கல. சமயப் பாடம் எடுத்தாகணும், ஆனா அது வகுப்புல உக்காந்து படிச்சி கட்டுரை எழுதுற பாடம், ஜெபக்கூட்டம் இல்ல. அம்மாகிட்ட சொல்லுங்க, நான் இன்னமும் தைப்பூசத்துக்கு பால்குடம் எடுக்குறேன் 😄

எனக்குக் கஷ்டமா இருந்தது குளிருதான், மைனஸ் இருபதுக்கும் கீழ போகும். டவுனே ஏழாயிரத்துச் சொச்சம் பேரு, கார் இல்லன்னா எங்கயும் போக முடியாது. ஆனா வகுப்புல ரொம்ப கொஞ்சம் பேரு, புரொஃபசருக்கு நம்ம பேரு தெரியும், ரெண்டு நாள் வரலன்னா ஈமெயில் வரும். பயோலஜி மேஜர், அதாவது மெயின் பாடம்னாலும் ஹிஸ்டரி, ஃபிலாசஃபி எல்லாம் படிக்கணும், எனக்கு அதுதான் ரொம்பப் புடிச்சிருந்துச்சி.

கான்வென்ட்_1994
தெலுக் இந்தான் கான்வென்ட்ல எத்தன நம்ம புள்ளைங்க படிச்சிருக்கோம், யாரு மதம் மாறுனா? பாட்டிய கவலப்பட வேணாம்னு சொல்லுங்க லா.

கணக்குக்_கேக்குறவன்
சார், மதத்த விடுங்க, நீங்க கேக்க வேண்டியதே வேற. அந்தக் காலேஜ் நாலு வருசம் தாங்குமா? அதே ஐயோவாவுல 1842ல ஆரம்பிச்ச ஐயோவா வெஸ்லியன், மெத்தடிஸ்ட் சர்ச்சோடது, 2023ல மூடிட்டாங்க. மிச்சிகன்ல 1896ல ஃபின்லாந்துக்காரங்க ஆரம்பிச்ச லூத்தரன் காலேஜ் ஃபின்லாண்டியாவும் அதே வருசம் போச்சு. 2008க்கு அப்புறம் அங்க பிறப்பு கொறஞ்சிட்டே வருது, கிராமத்துப் பக்கம் இளசுங்களே இல்ல, ஃபீஸ நம்பி நடக்குற சின்ன காலேஜுக்குத்தான் முதல் அடி. அதுக்காக எல்லாமே மூடிடும்னு சொல்லல, பெரிய எண்டோமெண்ட், அதாவது சேத்து முதலீடு பண்ணி வச்ச நன்கொடைப் பணம், வச்சிருக்குறது தாக்குப்பிடிக்கும். காலேஜ் பேரக் குடுத்துத் தேடுங்க, ஃபார்ம் 990னு வருசா வருசம் வரிக்காரங்ககிட்ட குடுக்குற கணக்கு பெரும்பாலும் ஆன்லைன்லயே கெடைக்கும். காலேஜோட பண நிலைமைக்கு அமெரிக்கக் கல்வி இலாகா போடுற ஃபைனான்சியல் ஸ்கோர் 1.5க்குக் கீழ இருந்தா உஷார்.

அப்புறம் அந்த 32,000. பெரும்பாலும் அது யாரோ குடுக்குற பணம் இல்ல, காலேஜே விலைய ஏத்தி வச்சிட்டு கொறைக்கிற டிஸ்கவுண்ட், பாசார் மாலாம் ராச்சந்தையில முப்பது வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லி பதினஞ்சுக்கு விடுற கணக்குதான். அதனால இன்னும் கேக்கலாம், உங்க சம்பள ஸ்லிப்போட ஃபைனான்சியல் எய்ட் ஆபிஸுக்கு மரியாதையா ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இப்ப மிச்சம் 22,000, டாலருக்கு நாலு வெள்ளின்னு வச்சாலும் வருசத்துக்கு 88,000 வெள்ளி, டிக்கெட் தனி, இன்சூரன்ஸ் அதுல அடக்கமான்னும் கேளுங்க. ஃபீஸ் வருசா வருசம் ஏறும், டிஸ்கவுண்ட் ஏறாது. பார்ட் டைம் வேலைய நம்பாதீங்க, ஸ்டூடண்ட் விசாவுல படிக்கிறப்ப கேம்பஸுக்குள்ள வாரம் 20 மணி நேரம்தான், ஐயோவாவுல மினிமம் சம்பளம் 7.25 டாலர், கைச்செலவுக்குத்தான் ஆகும்.

செம்பனை_அப்பா
சார் 88,000மா... எங்க ரெண்டு பேரு சம்பளமும் சேந்தாலும் வராதே. இபிஎஃப்ல, ஓய்வுக்காலச் சேமிப்புலேர்ந்து, எடுக்கலாம்னு நெனச்சேன்.

டெக்கோரா_அக்கா
அண்ணே அவசரப்பட்டு இபிஎஃப்ப தொடாதீங்க. கேஎல்ல மாசீன்னு மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆபிஸ் இருக்கு, அங்க அமெரிக்காவுல படிக்க வழி சொல்ற எஜுகேஷன் யுஎஸ்ஏ அட்வைசருங்க இருக்காங்க, காசு வாங்க மாட்டாங்க, மொதல்ல அங்க மகளக் கூட்டிட்டுப் போங்க. கெண்டக்கில பெரியா காலேஜ்னு ஒண்ணு இருக்கு, அதுவும் கிராமம், அதுவும் கிறிஸ்துவம்தான், 1892லேர்ந்து டியூஷன் ஃபீஸே வாங்குறதில்ல, பதிலுக்கு எல்லாப் புள்ளைங்களும் வாரம் குறைஞ்சது 10 மணி நேரம் காலேஜ் வேலை செய்யணும். வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு சீட் ரொம்பக் கம்மி, ஆனா உங்க வருமானத்துக்கு அப்ளை பண்ணிப் பாக்க வேண்டிய இடம் அது.

டாக்டர் விஷயம் மகளுக்குத் தெளிவா சொல்லிடுங்க. அங்க நாலு வருச டிகிரிக்கு அப்புறம்தான் மெடிக்கல் ஸ்கூல், அதுல வெளிநாட்டுக்காரங்கள எடுக்குறதே அபூர்வம், செலவும் இத விட ரொம்ப ஜாஸ்தி. ரிசர்ச், லேப்னு ஆசை இருந்தா சரி, ஸ்டெதஸ்கோப்புதான் கனவுன்னா இந்த ரூட் வேணாம்.

செம்பனை_அப்பா
சரிம்மா, நன்றி. மாசீக்கு இன்னைக்கே ஈமெயில் போடச் சொல்றேன். அந்த 990 எங்க பாக்குறதுன்னு லிங்க் இருந்தா போடுங்க சார், மச்சானுக்கும் காட்டணும்.