மறு: உணவு வினாநிரல்: ‘வேலிடேஷன்’ என்பதற்குச் சொல்

> ‘சரிபார்ப்பு’ போதாதா? எல்லோருக்கும் புரிகிறதே.

போதாது ஐயா. படிவத்தில் கட்டம் ஏதும் விடுபட்டதா என்று பார்ப்பதும் சரிபார்ப்புதான். ‘செல்லுபடியாக்கம்’ என்றால் ரூபாய் நோட்டு ஞாபகம் வருகிறது.

மெக்சிகோ வழி அமெரிக்கர்களிடம் நடக்கும் ஆய்வையே எடுத்துக்கொள்வோம். “போன ஓராண்டில் டார்ட்டில்லா எத்தனை தடவை?” என்று கேட்கும் வினாநிரல் முதலில் (டார்ட்டில்லா அவர்களுடைய சப்பாத்தி). பிறகு, அடுத்தடுத்து வராத மூன்று நாள்களுக்கு 24 மணி நேர உணவு நினைவுகூரல், அதாவது முந்தைய நாள் உண்டதையெல்லாம் கேட்டுக் குறிப்பது. அதில் ஒன்றாவது வார இறுதி நாள். கடைசியில் அதே வினாநிரல் மறுபடியும். முதல் விடையும் கடைசி விடையும் ஒத்துப்போனால் அது நம்பகம். அதற்குச் சொல் இருக்கிறது. வினாநிரலின் விடையை நினைவுகூரலோடு வைத்துப் பார்க்கும் வேலிடேஷனுக்குத்தான் இல்லை.

பொன்னைக் கல்லில் தேய்த்து, மாற்றுத் தெரிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பிடுகிறோமே, அதுதான் இது. ஆகவே ‘உரைகல் ஆய்வு’. ‘உரைச்சோதனை’ வேண்டாம், பேச்சைச் சோதிப்பதாகப் படிப்பார்கள்.

வினாநிரல் சறுக்கும் இடம் டார்ட்டில்லா. ஆறு அங்குல மக்காச்சோள டார்ட்டில்லா ஏறத்தாழ 55 கலோரி, எட்டு அங்குலக் கோதுமை டார்ட்டில்லா 140 பக்கம். இரண்டையும் ஒரே வரியில் கேட்டால், நாளுக்கு ஐந்து சாப்பிடுபவரின் கணக்கில் 400 கலோரிக்கு மேல் பிசகும். பீன்ஸும் அப்படித்தான்: வெறுமனே வேகவைத்ததா, பன்றிக் கொழுப்பில் மசித்து வதக்கியதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். டார்ட்டில்லா செய்யும் மக்காச்சோள மாவில் ஃபோலிக் அமிலம் (ஃபோலேட் என்ற பி வைட்டமினின் செயற்கை வடிவம்) சேர்க்க அமெரிக்கா அனுமதித்ததே 2016இல்தான். நாடு முழுவதும் சேர்ப்பது கட்டாயமும் இல்லை. எந்த நிறுவன மாவு என்று கேட்காத நிரலின் ஃபோலேட் கணக்கை நான் நம்பமாட்டேன்.

---

> ஆகவே ‘உரைகல் ஆய்வு’.

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் கல்லையும் பொன்னாலேயே செய்துவிட்டீர்களே! வினாநிரலும் நினைவு, நினைவுகூரலும் நினைவு. கொறித்ததை இரண்டிலும் ஒருவர் மறைத்தால் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. எல்லோரும் 500 கலோரி குறைத்துச் சொன்னாலும் அது 1 என்றே வரலாம்.

நினைவைச் சாராத கல் இரட்டைக்குறி நீர். டியூட்டீரியமும் (கன ஹைட்ரஜன்) ஆக்சிஜன்-18உம் (கன ஆக்சிஜன்) கலந்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டு வாரம் சிறுநீர் எடுப்பார்கள். டியூட்டீரியம் நீராக மட்டுமே வெளியேறும், ஆக்சிஜன் கரியமில வாயுவாகவும் போகும். அந்த வித்தியாசத்திலிருந்து செலவான ஆற்றல் தெரியும். உடல் எடை மாறாதிருந்தால் உண்டதும் அதுவே. புரதம் எவ்வளவு உண்டார் என்பதற்கு 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள நைட்ரஜன். அமெரிக்க ஹிஸ்பானியர் உடல்நல ஆய்வின் கிளை ஆய்வொன்று நினைவுகூரலையே இப்படி உரைத்துப் பார்த்தது. கலந்துகொண்டவர்கள் உண்ட ஆற்றலைக் குறைத்தே சொல்லியிருந்தார்கள்.

எனவே இரண்டு சொல் வேண்டும். நினைவோடு நினைவை ஒப்பிட்டால் ‘ஒப்பாய்வு’. உடலே சாட்சி சொன்னால் மட்டும் ‘உரைகல் ஆய்வு’. சம்மதமா?