மறுமொழி: ‘சாம்பிள்’ என்பதற்குக் ‘கொய்யொலி’

அன்புடையீர், வணக்கம். ஹிப் ஹாப் இசையில் பழைய பதிவிலிருந்து ஒலியை எடுத்தாளும் ‘சாம்பிள்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் உரையாடலில் எழுந்த கேள்விக்கு என் மறுமொழி இது.

> ‘மாதிரி’ என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது ஹிப் ஹாப் இசைக்கென்று தனிச்சொல் எதற்கு?

‘மாதிரி’ புள்ளியியலுக்குப் பொருந்தும். குறுந்தகட்டுக்காக ஒலியை நொடிக்கு 44,100 முறை அளவெடுக்கிறோமே, அதற்கும் பொருந்தும். ஹிப் ஹாப்பில் மட்டும் அது நேர்மாறான பொருளைத் தந்துவிடும். ‘அந்தப் பாட்டு மாதிரி இருக்கிறது’ என்றால், அதைப் போலச் செய்தது என்றே நாம் புரிந்துகொள்வோம். சாம்பிள் போலச் செய்வதன்று. பழைய இசைத்தட்டில் பதிவான அதே ஒலியை, வாசித்தவரின் கைப்பழக்கமும் பதிவறையின் எதிரொலியும் தட்டின் கரகரப்பும் உட்பட, எடுத்து வேறொரு பாட்டில் பதிப்பது.

சுகர்ஹில் கேங் என்ற ஹிப் ஹாப் குழு 1979இல் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’, அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 36ஆம் இடம் வரை சென்றது. அதில் ஓடும் பேஸ் கிட்டார் வரி, ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டுக்கு உரியது. இதைச் சாம்பிள் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வரியைப் பதிவறைக் கலைஞர்கள் புதிதாக வாசித்தார்கள். மெட்டு ஷீக்குடையது, கேட்கும் விரல்கள் வேறொருவருடையவை. பின்னர் ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்சையும் பெர்னார்டு எட்வர்ட்சையும் இயற்றியவர்களாகச் சேர்த்ததும் மெட்டுக்காகத்தான்.

1997இல் அதே பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் நின்ற பஃப் டாடியின் ‘ஐல் பீ மிஸ்ஸிங் யூ’ இதற்கு மறுபக்கம். அதில் திரும்பத் திரும்ப வருவது, ‘போலீஸ்’ என்ற ராக் இசைக் குழுவின் 1983ஆம் ஆண்டுப் பாட்டில் ஆண்டி சம்மர்ஸ் வாசித்த அதே கிட்டார் ஒலி. மூலப் பாட்டை இயற்றியவராகப் பதிவானவர் அக்குழுவின் பாடகர் ஸ்டிங் ஒருவரே என்பதால், இயற்றியவருக்கான உரிமைத்தொகை கிட்டாரை வாசித்த சம்மர்ஸுக்கன்றி அவருக்கே சேர்ந்தது. இயற்றியவரின் உரிமை ஒன்று, பதிவின் உரிமை இன்னொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் யாருக்கு அநீதி நடந்தது என்பதைத் தமிழில் எழுதவே முடியாமல் போகும்.

ஆகவே ‘எடுத்தாள்கை’ என்று சென்ற மடலில் வந்த பரிந்துரையை நான் தள்ளவில்லை, இடம் மாற்றுகிறேன். ஒரு புலவர் முன்னோரின் அடியைத் தம் கையால் எழுதித் தம் பாட்டில் வைப்பதே எடுத்தாளுதல். ‘ராப்பர்ஸ் டிலைட்’ செய்தது அதுவே. பதிவையே எடுப்பதற்குக் ‘கொய்யொலி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பூவைக் கொய்தால் அந்தப் பூவேதான் மாலையில் இருக்கும். வினைத்தொகையாதலால் கொய்த ஒலி, கொய்கின்ற ஒலி, கொய்யும் ஒலி மூன்றையும் தாங்கும். தொழிலை ‘ஒலி கொய்தல்’ என்றும் கருவியைக் ‘கொய்யொலிக் கருவி’ என்றும் சொல்லலாம்.

கொய்தபின் காம்பில் பூ இராது, தட்டிலோ ஒலி இருக்கிறதே என்று கேட்கலாம். தேயிலைக் கொழுந்தைக் கொய்த செடி மறுபடி தளிர்க்கிறது. வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுத் தட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடித் தாளத்தை எத்தனையோ பேர் கொய்தும் அது தீரவில்லை.

கைவினையும் இச்சொல்லுக்கு இசைகிறது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற கொய்யொலிக் கருவியின் நினைவகத்தில் ஏறக்குறைய 10 நொடி ஒலிதான் அடங்கும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய தட்டை 45 சுற்று வேகத்தில் சுழலவிட்டு, சுருங்கிய ஒலியைப் பதிந்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுதிக்கு இறக்கினார்கள். அந்த மங்கிய, சற்றே முரடான நாதம் அக்காலப் பாட்டுகளில் அப்படி வந்ததுதான். நுனியை மட்டும் தேர்ந்து எடுக்கும் கவனம், ‘வெட்டொலி’ என்று பெயரிட்டால் அதில் இல்லை.

கொய்த ஒலியைத் துண்டுகளாக்கி, விசைக்கு ஒன்றாக அமைத்து, வரிசை மாற்றி வாசிப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘நறுக்கு’ என்று எழுதிவருகிறேன். அதைப் பெயராகவும் வினையாகவும் ஆளுவதில் இலக்கணத் தடை உண்டா என்று குழுவினர் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.