2005 மார்ச் இரவு நாங்கள் ஓடினோம், கடல் ஏன் வரவில்லை?

வெள்ளவத்தைக்காரி:
மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் சுனாமி பற்றி ஒப்படை. அதில் அவன் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை.

2005 மார்ச் 28, திங்கட்கிழமை. இரவு பத்து மணி தாண்டியிருக்கும். சுமாத்திராப் பக்கம் நிலநடுக்கம், கரையோரத்தில் இருப்பவர்கள் விலகுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எங்கள் வீடு ரயில் பாதையில் இருந்து நாலாவது. அம்மம்மா பென்சன் புத்தகத்தையும் பல்செட்டையும் எடுத்துக்கொண்டா, அடையாள அட்டையை மறந்துவிட்டா. சமாதான காலம்தான், ஆனாலும் ஐ.சி. இல்லாமல் கொழும்பில் இரவு வெளியே நிற்கிற அந்தப் பழைய பயம் போகுமா? கடலுக்குப் பயந்ததை விட அதற்குத்தான் அம்மா கூடப் பயந்தா. காலி வீதியைக் கடந்து மயூரபதி அம்மன் கோயில் வாசலில் விடியும்வரை இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

2004 டிசம்பரில் சுனாமியைக் கொண்டுவந்த நடுக்கம் 9.1, மார்ச்சில் வந்தது 8.6. "அரைதானே வித்தியாசம் அம்மா?" என்கிறான். என்ன சொல்வது?

ஓய்ந்த வாத்தியார்:
பிள்ளை, அந்த அரையில்தான் மோசம் இருக்கிறது. நிலநடுக்க அளவில் ஒன்று கூடினால் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அரை என்றால் ஐந்தரை மடங்கு. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் பாதிப் புள்ளிதான் போடுவேன்.

சுனாமியை உண்டாக்குவது நடுக்கம் இல்லை, கடலடி மேலே எழும்புவது. எவ்வளவு தண்ணீரைத் தூக்கியது என்பதுதான் கணக்கு. 2004இல் சுமாத்திராவின் வடமேற்கில் தொடங்கி அந்தமான் வரை கடலடிப் பாறை ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிழிந்தது. மேலே கிலோமீற்றர் கணக்கில் ஆழமான கடல், அந்தத் தண்ணீர் முழுவதும் சேர்ந்து எழும்பியது. 2005இல் கிழிந்தது ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதிலும் எழும்பிய நிலத்தில் பெரும்பங்கு சுமாத்திராவுக்கு மேற்கே உள்ள நியாஸ், சிமெலுவே தீவுகளுக்கும் அவற்றைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலுக்கும் கீழே. தீவு உயர்ந்தால் எந்தத் தண்ணீரைத் தள்ளும்? நியாஸின் மேற்குக் கரை மூன்று மீற்றர் அளவுக்கு எழும்பி, முருகைக்கற்கள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்துக் கிடந்தன. செத்த முருகைக்கல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துதான் எந்த இடம் எவ்வளவு எழும்பியது என்று கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது திசை. அலை பிளவுக்குக் குறுக்காகத்தான் பலமாகப் போகும். 2004 பிளவு ஏறக்குறைய வடக்குத் தெற்காக நீண்டது, நேர் மேற்கே நாங்கள். 2005 பிளவு இன்னும் தெற்கே, சரிந்து கிடந்தது. பலத்தில் பெரும்பகுதி தென்மேற்கே வெறும் சமுத்திரத்துக்குப் போய்விட்டது. மகனிடம் அட்லஸை விரித்து அடிமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்முனைக்காரன்:
சேர் சொன்னது சரி. ஆனால் "அளவு பெரிதென்றால் அலை பெரிது" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் தங்கிவிடக்கூடாது. 1907இல் அதே சிமெலுவேயில் 2005ஐ விட மிகச் சிறிய நடுக்கம்தான் வந்தது. அலையோ ஊரையே அள்ளிக்கொண்டு போனது. கடலடியில் நீளமாகக் கிடக்கிற ஆழ்பள்ளத்துக்கு, அதாவது அகழிக்குக் கிட்ட, நிலத்துக்குள் அதிகம் ஆழமில்லாத இடத்தில் பிளவு மெதுவாக நழுவினால் அப்படித்தான்: ஆட்டம் குறைவு, அலை அதிகம். அந்தத் தீவுக்காரர்கள் அதை "ஸ்மோங்" என்று பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவந்தார்கள். 2004இல் நடுக்கம் வந்ததும் மலைக்கு ஏறினார்கள், தீவு முழுவதிலும் செத்தது ஏழு பேர். எங்கள் பக்கம் கடல் ஒன்பது மணியளவில் வந்தபோது அந்தச் சொல் எங்களிடம் இருக்கவில்லை. சரி, அதை விடுவோம்.

பழையதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றும் எழுதச் சொல்லுங்கள். 1881 டிசம்பர் 31, அந்தமானுக்குத் தெற்கே உள்ள கார் நிகோபார் தீவில் வந்த நடுக்கத்தின் அலை ஒரு மீற்றர்கூட இல்லை. ஆனால் வங்காள விரிகுடாத் துறைமுகங்களில் கடல்மட்டம் அளக்கும் கருவிகள் அதைக் கீறி வைத்திருந்தன. அந்தக் கோடுகளில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, எந்தத் துண்டு நழுவியது என்று 2003இல் எழுதினார்கள். அடுத்த வருடம் அந்த இடமும் சேர்ந்து கிழிந்தது.

வெள்ளவத்தைக்காரி:
வாத்தியார் ஐயா, அடிமட்டம் வைத்துப் பார்த்தான். இப்போது புதுக் கேள்வி: 2004இல் அலை கிழக்கில் இருந்து வந்ததென்றால் மேற்கே இருக்கிற கொழும்புக்கு எப்படி வந்தது?

ஓய்ந்த வாத்தியார்:
கெட்டிக்காரன். அலை தெற்கு முனையைச் சுற்றி வளைந்து வந்தது. ஆழம் குறைந்த பக்கத்தில் வேகம் குறையும், அதனால் கரையைப் பார்த்துத் திரும்பும். கொழும்புத் துறைமுகக் கருவியில் அது பதிந்தது பத்து மணிக்குச் சற்று முன்னால், கல்முனைக்காரர் பார்த்ததற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிந்தி. பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு மாங்காயை வைத்து ஒரு பக்கம் தட்டிப் பார்க்கட்டும். அம்மம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து.